ஆற்று நீரைக் கம்பியாக்கிய டாக்டர்

இந்தியாவுக்குத் தந்தி தந்த ஓஷானஸியின் வாழ்க்கை

ஆவடி ரெயில் நிலையம். காலை நேரம்.

மின்சார ரெயில் வந்து நிற்கிறது. வேலைக்குப் போகிறவர்களும், கல்லூரி மாணவர்களும், காய்கறிக் கூடைக்காரர்களும் முண்டியடித்து ஏறுகிறார்கள். ரெயில் புறப்பட்டு அம்பத்தூரை நோக்கி ஓடுகிறது.

ரெயிலுக்கு மேலே ஒரு கம்பி போகிறது. அதில் 25 ஆயிரம் வோல்ட் மின்சாரம் இருக்கிறது. ரெயில் பெட்டியின் முதுகில் உள்ள சட்டம் அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே போகிறது. மின்சாரம் அதன் வழியாக உள்ளே இறங்கி ரெயிலை ஓட்டுகிறது.

இங்கே ஒரு கேள்வி. மின்சாரம் வேலை செய்ய, போக ஒரு வழியும் திரும்பி வர ஒரு வழியும் வேண்டும். கவலை ஏற்றத்தில் மாடு சரிவில் இறங்கினால் மட்டும் போதுமா? அது திரும்பி மேலே வந்தால்தான் அடுத்த சால் தண்ணீர் கிடைக்கும். மின்சாரமும் அப்படித்தான். அதனால்தான் வீட்டில் ஒரு பல்பு எரிய இரண்டு கம்பிகள் தேவைப்படுகின்றன.

ரெயிலுக்கு மேலே இருப்பதோ ஒரே கம்பி. திரும்பும் வழி எங்கே?

கீழே இருக்கிறது. சக்கரம், தண்டவாளம், அதன் அடியில் உள்ள மண் ஆகியவைதான் திரும்பும் வழி. மண்ணும் ஒரு கம்பியாக வேலை செய்கிறது.

மண்ணையும் தண்ணீரையும் கம்பியாக்கும் இந்த வித்தையை 1839-ம் ஆண்டிலேயே கல்கத்தாவில் செய்து காட்டினார் ஒருவர். அவர் என்ஜினீயர் அல்ல. நாடி பிடித்துப் பார்க்கும் டாக்டர். அவர் பெயர் வில்லியம் புரூக் ஓஷானஸி.

காலராவோடு போராட்டம்

ஓஷானஸி அயர்லாந்து நாட்டில் லிமெரிக் என்ற ஊரில் பிறந்தவர். எடின்பரோ நகரில் வைத்தியம் படித்து, 1829-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவர் இருபது வயதைத் தொட்ட இளைஞர்.

படிப்பு முடிந்ததும் லண்டனுக்குப் போனார். ஆனால் அந்த நகரில் வைத்தியம் செய்ய அவருக்கு உரிமம் கிடைக்கவில்லை. பட்டம் இருந்தும் தொழில் செய்ய வழியில்லை. ஆகவே ரசாயனப் பரிசோதனைகளில் இறங்கினார்.

1831-ம் ஆண்டின் கடைசியில் இங்கிலாந்தில் காலரா புகுந்தது. சண்டர்லாந்து என்ற துறைமுக ஊரில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். மற்றவர்கள் பயந்து ஓடிய அந்த ஊருக்கு ஓஷானஸி தாமாகப் போனார்.

அந்தக் காலத்து டாக்டர்கள் காலரா நோயாளியின் உடலிலிருந்து ரத்தத்தை வெளியேற்றுவார்கள். அதுதான் சிகிச்சை என்று நம்பினார்கள். ஏற்கனவே வாடிக் கிடப்பவன் அதனால் இன்னும் வாடிப்போவான்.

ஓஷானஸி நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார். ரத்தம் கெட்டியாகக் கிடந்தது. அதிலிருந்த தண்ணீரும் உப்பும் வெளியேறிவிட்டன என்று கண்டுபிடித்தார். போன தண்ணீரையும் போன உப்பையும் திரும்ப ரத்தத்தில் சேர்த்தால் நோயாளி பிழைப்பான் என்று எழுதினார்.

1832-ம் ஆண்டில் ஸ்காட்லாந்து டாக்டர் தாமஸ் லாட்டா அதைச் செய்து பார்த்தார். உப்பு நீரை நோயாளியின் ரத்தக் குழாயில் ஏற்றினார். சாகக் கிடந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். இன்று ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்குகிறதே சலைன் பாட்டில், அதன் கதை தொடங்குவது இங்கேதான்.

ஆனால் லாட்டா அடுத்த ஆண்டே இறந்துபோனார். காலராவும் தணிந்தது. மருத்துவ உலகம் இந்தச் சிகிச்சையைப் பல ஆண்டுகளுக்கு மறந்துவிட்டது.

ஓஷானஸியின் வாழ்க்கையில் இது முதல் அடி. அவர் சொன்னது சரி. ஆனால் கேட்பார் இல்லை.

கல்கத்தா வாத்தியார்

1833-ம் ஆண்டில் ஓஷானஸி கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். கப்பல் ஏறிக் கல்கத்தா வந்தார்.

1835-ம் ஆண்டில் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதில் ஓஷானஸி ரசாயனப் பேராசிரியர் ஆனார். இந்திய மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். நாட்டு மருந்துகளைப் பற்றி வைத்தியர்களிடம் கேட்டு அறிந்தார். கஞ்சாச் செடியை ஆராய்ந்து, இழுப்பு நோய்களின் வேதனையை அது தணிக்கிறது என்று எழுதினார். மேல்நாட்டு டாக்டர்கள் அந்தச் செடியை மருந்தாகக் கவனித்தது அதற்குப் பிறகுதான்.

பகலில் கல்லூரி. மற்ற நேரத்தில் மின்சாரம். பாட்டரி செய்வதும், கம்பி சுற்றுவதும் அவருக்குப் பித்தாகவே பிடித்துவிட்டன.

அந்தக் காலத்தில் கல்கத்தாவிலிருந்து ஒரு செய்தி பம்பாய்க்குப் போகப் பல நாட்கள் ஆகும். தபால்காரர்கள் ஓட்டமாக ஓடி, மூட்டையை அடுத்தவரிடம் மாற்றிக் கொடுப்பார்கள். நடுவில் ஆறு பெருகினால் கடிதம் கரையிலேயே காத்துக் கிடக்கும்.

கம்பியில் மின்சாரத்தை அனுப்பினால் செய்தி கண் இமைக்கும் நேரத்தில் போய்விடுமே என்று ஓஷானஸி எண்ணினார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதே ஆண்டுகளில் பலர் அதே முயற்சியில் இருந்தார்கள்.

7,000 அடி தண்ணீர்

1839-ம் ஆண்டு கோடைக்காலம்.

கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள தாவரத் தோட்டத்தில் ஓஷானஸி இரும்புக் கம்பி கட்டினார். மூங்கில் கழிகளை நட்டு, பல மைல் நீளத்துக்கு வளைத்து வளைத்துக் கம்பியை இழுத்தார்.

செய்தியைப் பெறுவதற்கு இன்றுள்ளதுபோல் கருவி எதுவும் இல்லை. ஆகவே அவர் ஒரு விசித்திரமான ஏற்பாடு செய்தார். மறுமுனையில் இருப்பவர் விரலைக் கம்பிமேல் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் வந்தால் விரலில் சுருக்கென்று ஒரு சிறு அதிர்ச்சி தட்டும். அந்த அதிர்ச்சிகளை எண்ணித்தான் செய்தியைப் புரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் அல்லவா? விரலால் நாடி பார்க்கும் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது!

பிறகுதான் பெரிய சோதனை. திரும்பி வரும் வழிக்குக் கம்பி இல்லாமல் ஆற்று நீரையே வைத்தால் என்ன?

கம்பியின் முனைகளை ஹூக்ளி ஆற்று நீரில் விட்டார். நடுவில் 7,000 அடி தூரம் வெறும் தண்ணீர். ஆனாலும் விரலில் அதிர்ச்சி தட்டியது! மின்சாரம் கம்பியில் போய், ஆற்றின் வழியாகத் திரும்பி வந்தது.

இது எப்படி நடந்தது? ஆற்று நீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. அந்த உப்புகள்தான் மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன. ஈர மண்ணும் இதே காரணத்தால்தான் மின்சாரத்துக்கு வழி விடுகிறது. காலரா நோயாளியின் ரத்தத்தில் எந்தத் தண்ணீரையும் உப்பையும் ஓஷானஸி தேடினாரோ, அதே தண்ணீரும் உப்பும் இங்கே அவருடைய தந்திக்கு வழியாக அமைந்தன.

இதற்கு முன்பே, 1747-ம் ஆண்டில், வில்லியம் வாட்சன் என்ற விஞ்ஞானி லண்டனில் தேம்ஸ் ஆற்றின் வழியாக மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்திருந்தார். 1838-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர் ரெயில் தண்டவாளத்தைத் தந்திக் கம்பியாகப் பயன்படுத்த முயன்றார். மின்சாரம் தண்டவாளத்திலிருந்து நழுவி மண்ணுக்குள் இறங்கிவிட்டது. முதலில் அது தோல்வி போலத் தோன்றியது. ஆனால் மண்ணே திரும்பும் கம்பியாக இருக்கிறது என்று அவர் அதிலிருந்து தெரிந்துகொண்டார்.

இதனால் கிடைத்த லாபம் பெரிது. 100 மைல் தந்திக்கு 200 மைல் கம்பி வேண்டாம். 100 மைல் கம்பி போதும். இரு முனைகளிலும் ஓர் உலோகத் தகட்டை ஈர மண்ணில் புதைத்துவிட்டால் முடிந்தது வேலை.

ஓஷானஸி தம் சோதனையைக் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதி வெளியிட்டார்.

கம்பெனி சர்க்கார் அதைக் கவனிக்கவில்லை. கம்பிகள் கழற்றப்பட்டன. தோட்டம் பழையபடி தோட்டமாகவே ஆயிற்று.

பதினோரு ஆண்டு காத்திருப்பு

ஓஷானஸி இங்கிலாந்துக்குப் போனார். 1843-ம் ஆண்டில் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கிக் கௌரவித்தது. அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்குத் திரும்பினார். நாணயச் சாலையில் தங்கம், வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும் உத்தியோகம் கிடைத்தது.

தந்தி பற்றிய எண்ணம் மட்டும் அவர் மனதை விட்டு நீங்கவில்லை.

1848-ம் ஆண்டில் டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்தார். அவருக்குத் தந்தியின் அருமை தெரிந்தது. பரந்த நாட்டை ஆட்டிவைக்க விரைவான செய்தி வேண்டும் என்று அவர் கருதினார். ஓஷானஸியை அழைத்து வேலையை ஒப்படைத்தார்.

1850-ம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் துறைமுகத்துக்குத் தந்தி போடும் வேலை தொடங்கியது.

மூங்கிலும் குரங்கும்

வேலை சுலபமாக இல்லை. மேல்நாட்டில் பயன்படும் மெல்லிய கம்பி இங்கே தாக்குப்பிடிக்காது. புயல் அடிக்கும். பருந்தும் கழுகும் வந்து உட்காரும். குரங்குக் கூட்டம் ஊஞ்சல் ஆடும். இடி விழுந்தால் மெல்லிய கம்பி உருகிவிடும்.

ஆகவே ஓஷானஸி கம்பிக்குப் பதிலாகக் கனமான இரும்புத் தடியையே பயன்படுத்தினார். அது முக்கால் விரல் பருமன் இருந்தது. அதன்மேல் குரங்கு தாராளமாக உட்காரலாம். மின்னல் பாய்ந்தாலும் தடி உருகாது.

மண்ணுக்குள் புதைத்த தடிக்கு வேறு ஏற்பாடு. கீல் காய்ச்சி, அதில் சென்னைத் துணியைத் தோய்த்து, தடிமேல் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். பிறகு அதை ஓட்டு வரிசையில் கிடத்தி, மணலும் குங்கிலியமும் உருக்கி ஊற்றி மூடினார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மண் திரும்பும் வழி. ஆனால் போகும் தடி மண்ணைத் தொடவே கூடாது. நடுவழியில் தொட்டால் மின்சாரம் மறுமுனைக்குப் போகாமல் அங்கேயே மண்ணில் இறங்கித் திரும்பிவிடும். செய்தி போய்ச் சேராது. எங்கே தொட வேண்டுமோ அங்கே நன்றாகத் தொட வேண்டும். தொடக்கூடாத இடத்தில் சிறிதும் தொடக்கூடாது. தந்தி வேலையில் பாதி இதுதான்.

ஆற்றைக் கடக்கும் இடத்தில் கம்பிக்கு ரப்பர் போன்ற ஒரு மரப்பாலைப் பூசி, கப்பல் சங்கிலியோடு சேர்த்துத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். கப்பல்களின் நங்கூரம் பட்டு அது அறுந்துவிடாமல் சங்கிலி காத்தது.

வேலை தெரிந்த ஆட்கள் ஒருவரும் கிடையாது. ஓஷானஸியே ஆட்களைப் பழக்கினார். அவர்களில் முக்கியமானவர் சிவசந்திர நந்தி என்ற வங்காளி. நாணயச் சாலையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். டயமண்ட் ஹார்பரிலிருந்து முதல் செய்தியைத் தட்டி அனுப்பியவர் இந்த நந்திதான். கல்கத்தாவில் ஓஷானஸி அதைப் பெற்றுக்கொண்டார். பிற்காலத்தில் நந்தி தந்தி இலாகாவில் உயர்ந்து, ராய்பகதூர் பட்டமும் பெற்றார்.

1851-ம் ஆண்டில் அந்தத் தந்தி ஓடத் தொடங்கியது. கடலில் கப்பல் தெரிந்தவுடன் கல்கத்தாவில் செய்தி தெரிந்தது. 1852-ம் ஆண்டில் பர்மா சண்டையின்போது தந்தியின் பயனைச் சர்க்கார் நேரில் கண்டது.

சென்னைக்குத் தந்தி வந்தது

1853-ம் ஆண்டு நவம்பரில் பெரிய வேலை தொடங்கியது. கல்கத்தாவிலிருந்து ஆக்ரா; அங்கிருந்து ஒரு கிளை பெஷாவருக்கு, ஒரு கிளை பம்பாய்க்கு. பம்பாயிலிருந்து பெங்களூர் வழியாகச் சென்னைக்கு.

சுமார் 800 மைல் தூரமுள்ள கல்கத்தா - ஆக்ரா தந்தி 1854-ம் ஆண்டு மார்ச் மாதமே ஓடத் தொடங்கிவிட்டது. காடும் சதுப்பும் ஆறுகளும் குறுக்கிட்டன. மூங்கில் கிடைத்த இடத்தில் மூங்கில், பனைமரம் கிடைத்த இடத்தில் பனைமரம், கருங்கல் கிடைத்த இடத்தில் கருங்கல் தூண் என்று, கிடைத்ததை நட்டுக் கம்பியை இழுத்தார்கள்.

1855-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி பொதுமக்களும் தந்தி கொடுக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது.

மறு ஆண்டு, 1856 ஜூலை 1-ந் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் பாதை திறக்கப்பட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போன அந்தப் பாதை ஆவடி வழியாகத்தான் சென்றது. ரெயிலும் தந்தியும் இணைபிரியாத இரட்டையர்கள். அடுத்த நிலையத்தில் பாதை காலியாக இருக்கிறதா என்பதைத் தந்தி சொன்னால்தான் ரெயில் பத்திரமாகப் போக முடியும்.

அதே 1856-ம் ஆண்டில் ஓஷானஸிக்கு சர் பட்டம் கிடைத்தது.

யாருக்கு நன்மை?

தந்தியால் மக்களுக்கு நன்மை உண்டாயிற்று. ஆனால் கம்பெனி சர்க்கார் தந்தி போட்டது மக்களுக்காக அல்ல; தன் ஆட்சிக்காக.

1857-ம் ஆண்டில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். டில்லியில் நடந்ததைத் தந்தி உடனே பஞ்சாபுக்குச் சொல்லிவிட்டது. வெள்ளைக்காரத் தளபதிகள் முந்திக்கொண்டார்கள். கிளர்ச்சிக்காரர்கள் தந்திக் கம்பிகளை அறுத்தெறிந்தார்கள். அந்தக் கம்பி தங்களுக்கு எதிராகப் பேசுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் கம்பிக்கு எஜமான் என்று ஒருவர் நிரந்தரமாக இல்லை. பிற்காலத்தில் அதே தந்தி தேசியத் தலைவர்களின் செய்திகளையும் ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. 1955-ம் ஆண்டு ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடியது. சோஷலிச பாணியில் சமுதாயம் அமைப்பது என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. அந்நாளில் செய்தி வெளியூர்களுக்கு விரைந்து போகத் தந்திதான் முக்கியமான வழி. பொதுமக்கள் தந்திக்கு நூறு வயது நிறைய அப்போது சில நாட்களே பாக்கி!

வீட்டிலும் அதே பாடம்

இன்று தந்தி இல்லை. 2013-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி இரவோடு இந்தியாவில் தந்தி சேவை முடிவடைந்தது. தந்தி என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சு படபடத்த காலம் போய்விட்டது.

ஆனால் ஓஷானஸி விளையாடிய பூமித் தொடர்பு போகவில்லை. எர்த் என்ற பெயரில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.

இஸ்திரிப் பெட்டியின் பிளக்கில் மூன்று முனைகள் இருக்கின்றன. பெரிய முனை எர்த். அது மற்ற இரண்டையும்விட நீளமானது. ஆகவே பிளக்கைச் சொருகும்போது முதலில் எர்த்தான் தொடும். அதன் பிறகே மின்சாரம் வரும். பெட்டிக்குள் கம்பி பழுதாகி உலோகத்தைத் தொட்டுவிட்டால், மின்சாரம் எர்த் கம்பியில் பாய்ந்து பியூஸ் போய்விடும். தொட்டவர் பிழைப்பார்.

எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது ஏன்? ஹூக்ளி ஆற்றில் நடந்த அதே காரணம்தான். உப்பும் ஈரமும் இருந்தால்தான் மண் மின்சாரத்துக்கு வழி விடும்.

கிடார் வாசிக்கும் இளைஞர்கள் சிலர், காலால் அமுக்கி ஒலியை மாற்றும் சிறிய பெட்டிகளைத் தாங்களே செய்கிறார்கள். ஒரு 9 வோல்ட் பாட்டரி, ஒரு சிறு பலகையில் சில உறுப்புகள், அவ்வளவுதான். பலகையைச் செய்வது பெரிய கஷ்டம் இல்லை. பலகையிலிருந்து சொருகுவாய்க்கும், திருகுக் குமிழுக்கும், காலால் மிதிக்கும் சுவிட்சுக்கும் போகும் கம்பிகளில்தான் தொல்லை வருகிறது.

இந்தப் பெட்டியிலும் கிரவுண்டு என்று ஒன்று உண்டு. இது மண்ணில் புதைப்பது அல்ல. எல்லா மின்சாரமும் திரும்பி வந்து சேரும் பொது இடத்துக்கு அந்தப் பெயர். பாட்டரியின் கறுப்புக் கம்பி, சொருகுவாய்களின் வெளி உலோகம், பலகையின் திரும்பும் கம்பி எல்லாம் அங்கே ஒன்றாகச் சேர வேண்டும். உலோகப் பெட்டியும் அதோடு சேர்ந்தால், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைப் பெட்டியே தடுத்து நிறுத்தும். பெட்டியின் உள்ளே சாயம் பூசியிருந்தால், சொருகுவாய் தொடும் இடத்தில் சுரண்டிவிட வேண்டும். சாயம் நடுவில் நின்றால் தொடர்பு இல்லை. தொடர்பு இல்லாவிட்டால் கிடாரின் நாதத்தோடு ங்ங் என்ற ரீங்காரமும் சேர்ந்து வரும்.

கம்பி சிறியதானாலும் விதி ஒன்றுதான். தொட வேண்டிய இடத்தில் நன்றாகத் தொட வேண்டும். தொடக்கூடாத இடத்தில் தொடக்கூடாது.

கடைசி நாட்கள்

ஓஷானஸி 1860-ம் ஆண்டையொட்டி இந்தியாவை விட்டுப் போனார். 1861-ம் ஆண்டில் தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். ஓஷானஸி என்ற குடும்பப் பெயருக்குப் பின்னால் புரூக் என்று சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு பொது வாழ்க்கையில் அவர் பெயர் அதிகம் அடிபடவில்லை.

1889-ம் ஆண்டு ஜனவரியில், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சவுத்ஸீ என்ற கடற்கரை ஊரில் அவர் காலமானார்.

காலராவுக்கு அவர் சொன்ன வைத்தியம் அதன் பிறகு மறுபடி உயிர் பெற்றது. 1971-ம் ஆண்டில் வங்காள அகதிகள் முகாம்களில் காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலநோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானவர்களைப் பிழைக்க வைத்தார். அது நடந்த பங்காவ் ஊர், ஓஷானஸி கம்பி கட்டிய கல்கத்தாவுக்கு அருகிலேயே இருக்கிறது.

ஆவடியில் இரவு கடைசி ரெயில் போன பிறகு தண்டவாளம் அமைதியாகக் கிடக்கிறது. விடிந்ததும் முதல் ரெயில் வரும். மேலே உள்ள கம்பியிலிருந்து இறங்கும் மின்சாரம் சக்கரத்தின் வழியாக மண்ணைத் தேடிப் போகும்.

கோடை வந்தால் மண் காயும். வீட்டு எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். 1839-ல் ஆற்றில் கம்பியை விட்ட டாக்டர் சொல்லித் தந்த பாடம் அது.